துளை அடிமரத்தைப் பார்க்க வேண்டும்

டார்மவுஸ் என்னும் மரமேறும் சிறு கொறிணிக்காக நான் முதன்முதலாகச் செய்த மூன்று கூடுப்பெட்டிகளும் தவறாக அமைந்துவிட்டன. பலகையை அளந்ததிலோ அறுத்ததிலோ பிழையில்லை. துளையின் விட்டமும் சொன்னபடி 35 மில்லிமீட்டர்தான். பெட்டியை அடிமரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி நிறுத்துவதற்காக அடிக்கும் சட்டங்களைத் துளை இருக்கும் பக்கத்தில் அடிக்காமல் எதிர்ப்பக்கத்தில் அடித்துவிட்டேன். கட்டி முடித்துப் பார்த்தால், பறவைகளுக்கு வைக்கும் பெட்டியைப் போலவே துளை ஒற்றையடிப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தது. குழுவில் மூத்தவரான பெண்மணி அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். மே மாதம் திறந்தபோது மூன்றிலும் நீலப் பட்டாணிக்குருவிகள் பாசியை மெத்தையாக இட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. குடிவந்தவர்களை வெளியேற்றுவதற்கில்லை, அந்த ஆண்டு அம்மூன்று பெட்டிகளையும் குருவிக் கணக்கில் எழுதிக்கொண்டோம்.

நான் வசிப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கில், கென்ட் மாவட்டத்தில். ஆறு ஆண்டுகளாக, மாதத்தில் ஒரு ஞாயிறு, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள, ஹேசல் என்னும் கொட்டை மரங்கள் நிறைந்த காட்டில் ஐம்பது பெட்டிகளைத் திறந்து பார்க்கும் தன்னார்வக் குழுவோடு போய்வருகிறேன். அந்தப் பெட்டிகள் ஹேசல் டார்மவுஸ் என்னும் சிற்றுயிருக்காக வைக்கப்பட்டவை. தமிழில் இதற்குப் பெயர் இல்லை. வாழ்நாளில் பெரும்பகுதியை உறங்கியே கழிப்பதால் வீட்டில் நாங்கள் தூங்கெலி என்று சொல்லிப் பழகிவிட்டோம்; இங்கும் அப்படியே எழுதுகிறேன். உடல் ஒரு கட்டைவிரல் நீளம். பழுத்த வைக்கோலின் பொன்னிறம். முகத்துக்குப் பெரிதாகத் தோன்றும் கரிய கண்கள். எலிக்கு இருப்பதைப் போன்ற வழுக்கை வால் அல்ல, நுனிவரை மயிர் மூடிய வால். கோடையில் ஒன்றின் எடை 15 முதல் 20 கிராம்வரை இருக்கும். இந்த ஊர் ஒரு பவுண்டு நாணயங்கள் இரண்டைக் கையில் வைத்துப் பார்த்தால் அந்த எடை விளங்கும்.

இதை அம்மாவிடம் தொலைபேசியில் விளக்கப் போய்த் தோற்றேன். "ஏய்யா, எலிக்கு வீடு கட்டிக் குடுக்கவா சீமைக்குப் போன?" என்று கேட்டாள். தென்காசிப் பக்கத்தில் நெல் மூட்டைகளுக்கு நடுவே எலிப்பொறி வைத்தே வாழ்க்கையைக் கழித்தவளிடம், எலி வேறு தூங்கெலி வேறு என்று வாதிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவள் வீட்டு மாடியில் நின்றால் தெரியும் அதே மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஆங்கிலப் பெயரில் டார்மவுஸ் என்று வழங்கும் ஒரு கொறிணி உண்டு. முதுகில் முள் போன்ற மயிரும் நுனியில் குஞ்சம் கட்டிய வாலும் கொண்டது, மரப்பொந்துகளில் வாழ்வது, மிளகுக்கொடியில் புகுந்து காயைத் தின்பதாகப் பழைய குறிப்புகள் பழிசுமத்தும். பெயர் ஒன்றே தவிர இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை. மரத்தில் ஒரு பொந்து கிடைத்தால் விடாத குணம் மட்டுமே பொது.

பெட்டிக்கு வருகிறேன். பறவைப் பெட்டியையும் தூங்கெலிப் பெட்டியையும் வேறுபடுத்துவது நான் தவறவிட்ட அந்தத் துளையின் திசை ஒன்றுதான். தூங்கெலி பறந்து வருவதில்லை. கிளை வழியாகவோ அடிமரத்தைப் பற்றிக்கொண்டோ ஏறி வருகிறது. ஆகவே துளையை மரத்தின் பக்கம் திருப்பிவைத்து, இரு சட்டங்களால் ஒரு சிறு இடைவெளி விட்டால், அது மரத்துக்கும் பெட்டிக்கும் நடுவே நுழைந்து யார் கண்ணிலும் படாமல் உள்ளே போய்விடும். எதிரே வெளியில்லாத துளை பறவைகளுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. பிடிப்பதில்லை என்றுதான் சொல்ல முடியும், வராது என்று சொல்ல முடியாது. எங்கள் ஐம்பதில் பலவற்றில் ஆண்டுதோறும் பட்டாணிக்குருவிகள் அந்த இடுக்கிலும் புகுந்து முட்டையிடுகின்றன. பெட்டியை ஆணியடித்து மாட்டுவதில்லை, கம்பியால் கட்டுகிறோம். மரம் பருக்கப் பருக்கக் கம்பி பட்டையை இறுக்கும் என்பதால் ஆண்டுக்கொரு முறை தளர்த்திவிட வேண்டும். நெஞ்சுயரத்துக்குச் சற்று மேலே கட்டுவது தூங்கெலியின் விருப்பத்துக்காக அல்ல, ஏணி இல்லாமல் நாங்கள் திறந்து பார்ப்பதற்காக.

திறப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில், தூசி துடைக்கும் மஞ்சள் துணியைச் சுருட்டி, கையைப் பின்னால் விட்டுத் துளையை அடைக்க வேண்டும். பிறகு மூடியை ஒரு விரல் அகலம் மட்டும் நகர்த்தி எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பது தூங்கெலியின் கூடு என்று தோன்றினால், மூடியை மறுபடியும் சாத்தி, பெட்டியைக் கம்பியிலிருந்து கழற்றி, பெரிய கண்ணாடிப் பை ஒன்றுக்குள் முழுப்பெட்டியையும் இறக்கி, அதற்குள்ளேயே திறந்து கூட்டை விலக்கிப் பார்க்க வேண்டும். பைக்கு வெளியே திறந்தால் தாய் தப்பித்துக் கிளைக்குப் போய்விடும். குட்டிகள் குளிரில் கிடக்கும். பிறகு சிறு பையில் இட்டு, சுருள்வில் தராசில் தொங்கவிட்டு, எடை, ஆணா பெண்ணா, குட்டியா வளர்ந்ததா என்பவற்றைக் குறித்துக்கொண்டு, வந்த வழியே துளை வழியாக உள்ளே விட்டுத் துணியை மறுபடி அடைத்து, பெட்டியைக் கட்டியபின் துணியை மெதுவாக உருவ வேண்டும். இவ்வளவையும் செய்ய அரசு உரிமம் பெற்றவருக்கே அனுமதி. ஒரு காட்டில் தூங்கெலி இருப்பது தெரிந்தபின் உரிமம் இல்லாதவர் பெட்டி மூடியை நகர்த்துவதே சட்டப்படி குற்றம். என்னைப் போன்றவர்கள் ஒருவர் மேற்பார்வையில் பல பருவங்கள் பழகித்தான் அந்த உரிமத்துக்கு விண்ணப்பிக்க முடியும்.

ஐம்பது பெட்டிகளையும் ஒரே உயிரினத்துக்காக வைத்தாலும், யார் குடியேறுவது என்பதைக் காடுதான் தீர்மானிக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் பெட்டிகள் பெரும்பாலும் குருவிகளுடையவை. குஞ்சுகள் பறந்துபோன பிறகு அந்தப் பாசி மெத்தை அப்படியே கிடக்கும். ஜூன் கடைசியில் அதன்மேல் தூங்கெலி தன் கூட்டைக் கட்டிக்கொள்ளும். கீழ்த்தளம் குருவிக்கும் மேல்தளம் தூங்கெலிக்கும் ஆனது போல, ஒரே பெட்டியை இரண்டு அடுக்காகப் பார்த்திருக்கிறேன். சில நேரங்களில் குருவி காலி செய்யும்வரை தூங்கெலி காத்திருப்பதும் இல்லை. லித்துவேனியாவில் ரிம்விதாஸ் யுஷ்கைடிஸ் என்னும் ஆய்வாளர் 1984 முதல் கூடுப்பெட்டிகளின் வழியாக இதே உயிரினத்தைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறார். பொந்தில் கூடுகட்டும் பறவைகளுக்கும் தூங்கெலிகளுக்கும் இடையே பெட்டிக்காக நடக்கும் போட்டியும் அவர் எழுதியவற்றில் ஒன்று. முட்டைகள் கிடக்க, அவற்றின்மேல் ஹேசல் இலையைப் பரப்பிவிட்டுப் படுத்திருந்த ஒன்றை நானும் ஒருமுறை பார்த்தேன். அந்த முகத்தைப் பார்த்து யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள்.

தேனீ வகைகளில் ஒன்றான மரவண்டுத்தேனீ 2001-இல்தான் பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்தது. இப்போது எங்கள் பெட்டிகளிலும் ஆண்டுக்கு ஒன்றிரண்டு அதன் வசம் போய்விடுகின்றன. மூடியில் காதை வைத்தாலே இரைச்சல் கேட்கும். எண்ணைக் குறித்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவோம்.

தூங்கெலிக்கு உண்மையான போட்டியாளர்கள் காட்டெலியும் மஞ்சள்கழுத்து எலியும். இவை தரையில் திரிபவை என்றாலும் மரமேறுவதில் சளைத்தவை அல்ல. மஞ்சள்கழுத்து எலி காட்டெலியைவிடப் பெரியது. மார்பின் குறுக்கே பட்டை கட்டினாற்போல முழு மஞ்சள் கழுத்தணி இருக்கும். இலையுதிர்காலத்தில் இவை பெட்டிகளைப் பத்தாயமாக்கிக்கொள்கின்றன. மூடியைத் திறந்தால் ஹேசல் கொட்டையும் ஓக் கொட்டையும் விளிம்புவரை நிறைந்திருக்கும். மூடியைத் திறந்த மறுகணமே தூங்கெலி சுருண்டபடி கண்ணை விழிக்கும். மஞ்சள்கழுத்து எலியோ முகத்தின்மேல் பாயும். என் இடது சுட்டுவிரலின் நுனியில் உள்ள இரண்டு வெள்ளைப் புள்ளிகள் அதன் நினைவாக இருப்பவை. கையுறையைத் தாண்டிக் கடித்தது.

யார் இல்லாதபோதும் யார் இருந்தார்கள் என்று சொல்லக் கூடே போதும். காட்டெலியின் கூடு உதிர்ந்த பழுப்பு இலைகளின் குவியல்; அமைப்பு என்று ஒன்றும் இராது, வீச்சம் மட்டும் இருக்கும். தூங்கெலியின் கூட்டில் வீச்சமே இல்லை. முதன்முதலாக ஒன்றை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்த நாள் நினைவிருக்கிறது. சாத்துக்குடி அளவுள்ள பந்து. வெளிப்புறத்தில் பச்சையாகவே பறித்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாற்போல் வைத்த ஹேசல் இலைகள். அவற்றை விலக்கினால், ஹனிசக்கிள் கொடியின் உரியும் பட்டையை நூல்நூலாகக் கிழித்துச் சுற்றிச் சுற்றிப் பின்னிய உட்கூடு. தேங்காய் நார் கொண்டு பாத்திரம் துலக்கும் உருண்டையை அவிழ்த்து, அதைவிட நூறு மடங்கு மென்மையாகத் திரும்பக் கட்டியது போல இருந்தது. நுழைவாயில் என்று தனியாக ஒன்றும் தென்படவில்லை; உள்ளே போனபின் துளையைத் தானே இழுத்து மூடிக்கொள்கிறது போலும். கூட்டின் பட்டையைப் பார்த்தே காட்டில் ஹனிசக்கிள் எங்கே படர்ந்திருக்கிறது என்று தேடிப் போகலாம்.

கோடையின் பிற்பகுதியில் அந்தப் பந்துக்குள் நான்கைந்து குட்டிகள் இருக்கும். பிறந்தபோது மயிரில்லாத செந்நிறத் துணுக்குகள். பிறகு சாம்பல் நிறம். 18 நாட்களில் கண் திறக்கும். பொன்னிறம் பின்னால்தான் வரும். ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை தாயோடு இருக்கும். கண்திறவாத குட்டிகள் உள்ள கூடு என்று மூடியிடுக்கில் தெரிந்த உடனேயே தொடாமல் மூடிவிடுவது எங்கள் வழக்கம். எண்ணிக்கையில் ஒன்றிரண்டு குறைந்தாலும் பாதகமில்லை.

மே மாதத்துக் குளிர்ந்த காலையில் பெட்டியைத் திறந்தால் வேறொரு காட்சி. தூங்கெலி செத்ததுபோல் கிடக்கும். முகத்தின்மேல் வாலை மடித்துப் போட்டு, உருண்டையாக, தொட்டால் சில்லென்றிருக்கும். வெளியே குளிரும் மழையுமாக உணவு கிடைக்காத நாட்களில் உடல் வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்துக்கு அருகே தாழ்த்திக்கொண்டு எரிபொருளைச் சேமிக்கும் தற்காலிக உறக்கம் இது. இந்த உயிருக்கு ஓர் இயற்கைக் குறை உண்டு: இலைதழைகளின் நாரைச் செரிக்க உதவும் பெருங்குடல்வாய்ப் பை இதற்கு இல்லை. ஆகவே முயலைப் போல இலையைத் தின்று காலம் தள்ள முடியாது. வசந்தத்தில் ஹாதார்ன் பூ, பிறகு ஹனிசக்கிள், பிராம்பிள் பூக்கள், இடையே கம்பளிப்புழு, கடைசியில் ஹேசல் கொட்டை என்று ஒன்று முடியும்போது மற்றொன்று தொடங்கியே ஆக வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் உறங்குவதைத் தவிர வழியில்லை. உறக்கத்திலிருந்து எழும்போது சீழ்க்கையும் குறட்டையும் கலந்த மெல்லிய ஓசை அதன் மூக்கிலிருந்து வரும். பதினேழு கிராம் உயிரிடமிருந்து குறட்டை வருவதைக் கேட்டபின் குழுவில் யாரும் ஐந்து நிமிடத்துக்கு வேறெதுவும் பேசுவதில்லை.

இப்படி நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான காடுகளில் நடக்கும் தேசிய டார்மவுஸ் கண்காணிப்புத் திட்டத்துக்குப் போகிறது. பீப்பிள்ஸ் டிரஸ்ட் ஃபார் என்டேஞ்சர்டு ஸ்பீசீஸ் என்னும் அறக்கட்டளை அதை நடத்துகிறது. பெட்டியைக் கொண்டு இந்த உயிரை அறிந்துகொள்ளும் வழியை இங்கே நிலைநிறுத்தியவர்கள் பாட் மாரிஸ், பால் பிரைட் என்னும் இரு விலங்கியலாளர்கள். இரவில் மட்டும் இயங்கி, தரைக்கு இறங்காமல் புதருக்குள்ளேயே நடமாடும் ஒன்றை வேறெப்படி எண்ணுவது? கொட்டையைக் கொண்டு அறியலாம்: ஹேசல் கொட்டையில் தூங்கெலி இடும் துளை வட்டமாக, விளிம்பின் உட்புறம் இழைத்தாற்போல் வழவழப்பாக இருக்கும், காட்டெலியின் துளையில் விளிம்புக்குக் குறுக்கே பல்தடங்கள் வரிவரியாகத் தெரியும், அணில் இரண்டாகப் பிளந்துவிடும். 1993-இல் பொதுமக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் காட்டுக்குள் இறக்கிக் கொட்டை பொறுக்கவைத்தே பல புதிய இடங்களைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் கொட்டை இருப்பை மட்டுமே சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. அதற்குப் பெட்டிதான் வேண்டியிருந்தது.

பெட்டிகள் சொன்ன கணக்கு நல்லதாக இல்லை. 2023-இல் வெளியான அறிக்கையின்படி, 2000-க்கும் 2022-க்கும் இடையில் பிரித்தானியத் தூங்கெலிகளின் எண்ணிக்கை 70 விழுக்காடு வீழ்ந்திருக்கிறது; இங்கிலாந்தின் 20 மாவட்டங்களிலிருந்து அது முற்றாக மறைந்துவிட்டது. இந்த எண்களோடு சண்டையிடுபவர்களையும் நான் சந்தித்திருக்கிறேன். பெட்டி காலியாக இருந்தால் விலங்கு இல்லை என்று ஆகிவிடுமா என்பார்கள். நியாயமான கேள்விதான். ஒரு தூங்கெலி ஒரே காலத்தில் பல கூடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. பிராம்பிள் புதருக்குள் பந்து கட்டி வாழும் ஒன்றுக்குப் பெட்டியே தேவைப்படாமல் போகலாம். எங்கள் 31-ஆம் பெட்டியில் ஜூலையில் இருந்த தாய் ஆகஸ்டில் இல்லை. செப்டம்பரில் நாற்பதடி தள்ளி 34-இல் குட்டிகளோடு இருந்தது, அல்லது அது வேறொரு தாயாக இருக்கலாம். ஆனால் நூற்றுக்கணக்கான காடுகளில், அதே பெட்டிகளை, அதே மாதங்களில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் திறந்து பார்த்தவர்களின் கணக்கு ஒரே திசையில் சரியும்போது, எல்லாத் தூங்கெலிகளும் ஒருசேரப் பெட்டியை வெறுத்துவிட்டன என்று நம்ப என்னால் முடியவில்லை.

சரிவின் காரணத்தைத் தேடினால் ஹேசல் மரத்தின் வேரடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. நம் ஊரில் கரும்பை வெட்டியபின் மறுதாம்பு விடுவதைப் போல, இங்கே ஹேசலை அடியோடு வெட்டிவிட்டுத் தழையவிடுவார்கள். பத்துப் பன்னிரண்டு தண்டுகள் ஒரே கட்டையிலிருந்து கிளம்பும். வேலிக்கும் விறகுக்குமாக நூற்றாண்டுகள் நடந்த தொழில் இது. பகுதி பகுதியாகச் சுழற்சியில் வெட்டியதால் காட்டில் வெளிச்சம் விழுந்தது; பிராம்பிளும் ஹனிசக்கிளும் அடர்ந்தன; தூங்கெலிக்கு ஏப்ரலிலிருந்து அக்டோபர்வரை சங்கிலி அறாமல் உணவு கிடைத்தது. அந்தத் தொழில் கடந்த நூற்றாண்டில் நொடித்துப்போனபின் காடு நெடிதுயர்ந்து, நிழல் கவிந்து, கீழே வெறுந்தரையானது. வேலிப்புதர்கள் பிடுங்கப்பட்டதால் ஒரு காட்டிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வழியும் அறுந்தது. பெட்டி இதில் எதையும் சரிசெய்வதில்லை. பொந்துள்ள முதுமரங்கள் இல்லாத இளங்காட்டில் அது பிள்ளைபெற ஓர் அறையைத் தருகிறது, அவ்வளவே. அதனால் எங்கள் குழு குளிர்காலத்தில் பெட்டியைவிட ரம்பத்தைத்தான் அதிகம் கையாளுகிறது. ஒரு மூலையில் ஹேசலை வெட்டிவிட்ட நான்காம் ஆண்டில் அங்கிருந்த பெட்டிகளில் முதல் கூடு தென்பட்டது. மரமே இல்லாமலாக்கியது போல் தோன்றிய அந்த இடத்துக்கு முதலில் வருத்தப்பட்டவன் நான்.

ஒரே பெட்டி இடத்துக்கு இடம் வேறு வேலை செய்வதையும் சொல்ல வேண்டும். லண்டனுக்கு வடமேற்கே சில்டர்ன் குன்றுகளில் வேறொரு டார்மவுஸ் இருக்கிறது. சாம்பல் நிறம், தூங்கெலியைப் போலப் பல மடங்கு எடை, பார்த்தால் சிறிய அணில். ரோமானியர்கள் சாடியில் அடைத்துக் கொழுக்கவைத்துத் தின்ற இனம் இதுவே. 1902-இல் டிரிங் என்னும் ஊரில் விலங்கு சேகரிப்பாளரான வால்டர் ராத்ஸ்சைல்டு வளர்த்தவை தப்பித்துப் பரவின என்பது வரலாறு. அங்கே வீட்டுப் பரண்களில் புகுந்து மின்கம்பியைக் கடிப்பதால் அதை யாரும் வரவேற்பதில்லை. பிடித்தால் திரும்ப விடுவதும் சட்டவிரோதம். ஆயினும் ஆய்வுக்காக அங்கும் காட்டில் பெட்டிகள் தொங்குகின்றன. பீச் மரம் காய்க்காத ஆண்டுகளில் அவை அநேகமாகக் குட்டியே போடுவதில்லை என்பதைக் காலிப் பெட்டிகள் தெளிவாகக் காட்டுகின்றன. காய்த்த ஆண்டிலோ இரண்டு மூன்று தாய்கள் ஒரே பெட்டியில் குட்டிகளைக் கலந்துபோட்டு வளர்க்கின்றன. எங்கள் பெட்டி ஓர் இனத்தைக் காக்க, அவர்கள் பெட்டி ஓர் இனத்தைக் கணக்கெடுத்துக் கட்டுப்படுத்த. பலகையும் ஆணியும் ஏறத்தாழ ஒன்றே.

நவம்பர் ஞாயிறுதான் ஆண்டின் கடைசிச் சுற்று. அக்டோபரில் முப்பது கிராமைத் தொட்டு, கழுத்து என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கொழுத்திருந்தவை அதற்குள் பெட்டிகளைக் காலி செய்திருக்கும். குளிர்காலத்தைத் தூங்கெலி பெட்டியில் கழிப்பதில்லை. மரத்தில் தொங்கும் பெட்டி ஒரு வெயில் நாளில் சூடேறும், மறுநாள் உறையும். ஒவ்வொரு சூட்டுக்கும் விழித்தால் சேர்த்த கொழுப்பு வசந்தம்வரை தாங்காது. மாறாத குளிரும் ஈரமும் தரையில்தான் உண்டு. ஆகவே கோடை முழுவதும் மண்ணை மிதிக்காத அது, இறங்கிவந்து, ஹேசல் கட்டையின் அடியிலோ பாசிக்குள்ளோ உதிர்சருகின் கீழோ இறுகப் பின்னிய ஒரு சிறு பந்துக்குள் ஏப்ரல்வரை உறங்கிவிடுகிறது. அந்தப் பந்தின் மேல் இரண்டு விரற்கடைச் சருகு இருந்தால் அதிகம்.

சென்ற நவம்பரில் ஐம்பது பெட்டிகளையும் திறந்து, பழைய கூடுகளை வழித்தெடுத்து, கம்பிகளைத் தளர்த்திவிட்டு வந்தோம். என் மூன்று பெட்டிகளிலும் சட்டத்தை மாற்றியடித்துவிட்டேன். ஒன்றில் மக்கிய ஹேசல் இலைகளும் ஹனிசக்கிள் நாரும் இருந்தன. காட்டைவிட்டு வெளியேறும்போது பாதையைவிட்டு விலகாமல், மூத்தவர் முன்னே செல்ல, அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து ஒருவர் பின் ஒருவராக நடந்தோம்.